வெட்டு மீதியில் குவில்ட்: நடு உப்புது, ஓரம் நெளியுது

நூல்கண்டு:
பிளவுஸ், சுடிதார் வெட்டிய மீதித் துண்டுகளில் சுவரில் மாட்ட 30க்கு 40 இஞ்சில் குவில்ட் (துண்டுகளை ஒட்டுப்போட்டு, அடித்துணியோடு அடுக்காகச் சேர்த்துத் தைக்கும் விரிப்பு). பேட்டர்ன் கிடையாது, கைக்கு வந்ததைச் சேர்த்துக்கொண்டே போவதுதான். பாதிக்கு மேல் தைத்தாயிற்று. நடு உப்பி, ஓரம் அலை அலையாக நிற்கிறது. பெரும்பாலும் காட்டன், கொஞ்சம் பட்டும் பாலியெஸ்டரும். மிதி மிஷின். சுற்றிலும் பார்டர் கொடுத்தால் அடங்குமா, இல்லை பிரிக்கணுமா? தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் ஒரே கசகசப்பாகவும் தெரிகிறது.

கால்இஞ்ச்:
பார்டர் கொடுத்தால் அலை கூடத்தான் செய்யும். பிரிக்கவும் வேண்டாம், வெட்டுங்க.

கை, கழுத்து வெட்டிய மீதியில் பெரும்பாலும் க்ராஸ் ஓரம்தான், அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டுப்பட்ட ஓரம்தான் இருக்கும். தைக்கும்போதே அது நீளும். அதனால் வெட்டும் முன்பே துண்டுகளுக்குக் கஞ்சி போட்டு, விறைப்பாக இஸ்திரி பண்ணிக்கணும். க்ராஸ் துண்டு அடியில், நேர் இழைத் துண்டு மேலே. மிஷின் பல் அடித்துணியைத் தள்ளிக் கொடுப்பதால் நீட்டம் அதிலேயே அடங்கும். மிஷின் தலையில் இருக்கிற திருகைக் கொஞ்சம் தளர்த்தி, துணியை மேலிருந்து அமுக்கும் ஃபுட்டின் அழுத்தத்தையும் குறைங்க.

இப்போது கையில் இருப்பதைத் தரையில் விரித்து, உப்பின இடத்தின் ஊடாகவே வெட்டுங்க. ஒவ்வொரு துண்டையும் கஞ்சி தெளித்து, பெட்டியை இழுக்காமல் அழுத்தி எடுத்து, பத்தரை இஞ்ச் சதுரமாக நறுக்குங்க. குறைகிற பக்கம் ஒரு பட்டை சேர்த்து வளர்த்த பிறகு நறுக்கலாம். தையலுக்குப் பக்கத்துக்குக் கால் இஞ்ச் போனால் 10 இஞ்ச். குறுக்கே 3, நெடுக்கே 4, மொத்தம் 12 சதுரம். அடுத்த முறை ஒவ்வொரு சதுரத்தையும் 11 இஞ்ச் வரை வளர்த்துவிட்டு நறுக்கினால், உப்பல் அங்கேயே பிடிபடும்.

1 இஞ்சுக்குக் குறைவான பட்டையைத் தூக்கிப் போடுங்க. இரண்டு பக்கமும் தையல் போக அதில் அரை இஞ்ச் கூட மிஞ்சாது, தடிமன்தான் ஏறும்.

சாயக்காரி:
கசகசப்புக்குக் காரணம் நிறம் இல்லை, வெளிர்-அடர் வித்தியாசம் இல்லாததுதான். போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அதுதான் கோளாறு. துண்டுகளை வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு, மூன்றில் ஒரு பங்குக்குப் பூ, கட்டம் இல்லாத வெறும் துணி வையுங்கள். லைனிங் மீதியே போதும். அமெரிக்காவில் அலபாமாவின் கீஸ் பெண்ட் பெண்கள் தைத்த குவில்ட்டுகளைத் தேடிப் பாருங்கள்: தேய்ந்த வேலை உடுப்பிலிருந்து அகலமான பட்டைகள், பலதில் இரண்டு மூன்று நிறம்தான்.

சிவப்பு, மெரூன் துண்டுகளை நனைத்து வெள்ளைத் துணிக்கடியில் வைத்துச் சூடாக அழுத்தி, சாயம் இறங்குகிறதா என்று பார்க்காமல் சேர்க்காதீர்கள். பட்டுக்குப் பின்னால் இஸ்திரி சூட்டில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸ், 11ஆம் நம்பர் ஊசி. பிளாஸ்டிக் ஜரிகை சூட்டில் சுருண்டுகொள்ளும். பாலியெஸ்டரை என்னைக் கேட்டால் விட்டுவிடலாம். காட்டன் மடியும் சூட்டில் அது பளபளத்துப் போகும்.

நூல்கண்டு:
நன்றிங்க. உள்ளே பஞ்சு விரிப்புக்குப் பதில் பழைய காட்டன் புடவை வைக்கலாமா?

கால்இஞ்ச்:
தாராளமாக. துவைத்துச் சுருங்கின புடவையாக இருக்கட்டும், இரண்டு மடிப்பு போதும். நாலு இஞ்சுக்கு ஒரு ஊக்கு குத்தி, தையலை நடுவிலிருந்து வெளியே கொண்டுபோங்க. தையல் நீளம் 3 மில்லிமீட்டர், வரிக்கு வரி 3 இஞ்சுக்கு மேல் விடாதீங்க.

ஓட்டுத்தையல்:
கைத்தையல் பரவாயில்லை என்றால் இந்தச் சிக்கல் பாதி வரவே வராது. வட கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற குவில்ட்டில், துண்டுகளை ஒன்றோடொன்று தைப்பதே இல்லை. அடித்துணியாகப் பழைய புடவை. ஒரு மூலையில் தொடங்கி, துண்டின் ஓரத்தை மடித்து வைத்து, அடுத்த துண்டை அதன்மேல் சற்று ஏற்றி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டுத்தையல் போட்டபடி நடுவுக்கு வருவார்கள். துண்டை இணைப்பதும் அடுக்குகளைச் சேர்க்கும் குவில்ட் தையலும் ஒரே வேலை. மூலைகளில் மடித்த சின்ன முக்கோணங்கள் செருகுவதும் உண்டு.

அதில் தவறும் இடம் ஒன்றுதான்: துண்டைத் தளர்வாக வைத்தால் அந்தத் தொய்வு முழுக்க நடுவில் வந்து குவியும். ஒவ்வொன்றையும் கையால் நீவி, குண்டூசி குத்திய பிறகு தையுங்கள். நூலையும் சுண்டி இழுக்க வேண்டாம், அடித்துணி சுருங்கிவிடும்.

மாட்டுவதற்கு, பின்பக்க மேல் ஓரத்தில் 4 இஞ்ச் அகலத்துக்கு ஒரு துணிக்குழாய் கைத்தையலில் வைத்துக் கம்பு நுழையுங்கள். ஆணியில் நேரடியாகத் தொங்கவிட்டால் மேல் ஓரம் ஆணிக்கு ஆணி தொய்ந்துவிடும்.