செகண்ட் ஹேண்ட் லேப்டாப்: கடையிலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டியவை

குகைக்காரன்:
சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில 14 இஞ்ச் லேப்டாப், இன்டெல் ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி பேசி வெச்சிருக்கு. கம்பெனி ஆபீஸ்ல இருந்து வந்த சரக்காம். நாளைக்குப் போறேன். எதையெல்லாம் பார்க்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சால்டரிங் சேலம்:
ஐ5ங்கறது பாதி சேதிதாங்க, பின்னாடி வர்ற நம்பரைப் பாருங்க. 7200யூன்னா ஏழாம் தலைமுறை, ரெண்டே கோர். 8250யூன்னா எட்டாவது, நாலு கோர். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சுது. விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாவதுல இருந்துதான் கணக்கு, ஏழாவதுல ஒண்ணு ரெண்டு சிப்புக்கு மட்டும் விலக்கு. ஏழாவதுலயும் 11 ஓடுறதைக் காட்டுவாங்க. அது குறுக்கு வழியில ஏத்துனது, பெரிய அப்டேட் வரும்போது நின்னுக்கும்.

ஆபீஸ் சரக்குல இன்னொரு கண்ணி இருக்கு. சில கம்பெனிங்க மெஷினோட அடையாளத்தையே மைக்ரோசாஃப்ட்ல பதிஞ்சு வெச்சிருப்பாங்க. நெட் இல்லாம விண்டோஸ் போட்டா எதுவும் தெரியாது. அதனால கடையிலேயே முழு ரீசெட் போடச் சொல்லி, உங்க போன் ஹாட்ஸ்பாட்ல இணைச்சுப் பாருங்க. கம்பெனி பேரைக் காட்டி அவங்க மெயில் ஐடி கேட்டுச்சுன்னா மெஷின் இன்னும் அவங்க பேர்லதான் இருக்கு, எழுந்து வந்துருங்க. ரீசெட்டுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். ‘அவ்வளவு நேரம் இல்லைங்க’ன்னு கடைக்காரர் சொன்னா அதுவே ஒரு பதில்தான்.

பயாஸுக்குள்ளயும், அதாவது விண்டோஸுக்கு முன்னாடி வர்ற அடிப்படை செட்டிங்ஸுக்குள்ளயும் போய்ப் பாருங்க. ஆன் பண்ணுனதும் தட்ட வேண்டிய கீ டெல்லுக்கு எஃப்2, ஹெச்பிக்கு எஃப்10. பாஸ்வேர்ட் கேட்கக் கூடாது. லெனோவோ திங்க்பேட்ல பயாஸைப் பூட்டுற சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் இருந்தா, உள்ள இருக்கற சின்ன பேட்டரியைக் கழட்டி மாட்டுனாலும் போகாது. பயாஸ்ல காட்டுற சீரியல் நம்பரும் அடி ஸ்டிக்கர்ல இருக்கறதும் ஒண்ணா இருக்கணும், பில்லுலயும் அதையே எழுதி வாங்குங்க.

தறிவீடு:
பேட்டரிக்கு: கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு (/), பேட்டரிரிப்போர்ட்னு ஆங்கிலத்துல அடிங்க. ஒரு ஃபைல் உருவாகும். அதுல டிசைன் கெபாசிட்டி (புதுசுல பிடிக்க வேண்டியது) 50,000, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போ பிடிக்கறது) 30,000ன்னு இருந்தா, மிச்சம் 60 சதவீதம். ரெண்டும் அச்சா ஒண்ணா இருந்து, சைக்கிள் கவுன்ட் (எத்தனை தடவை சார்ஜ் ஆச்சுங்கற கணக்கு) பூஜ்யம்னு காட்டுனா சந்தோஷப்படாதீங்க. மாத்துன லோக்கல் பேட்டரியா இருக்கலாம். சார்ஜரைப் பிடுங்கிட்டு முழு வெளிச்சத்துல அரை மணி வீடியோ ஓட்டுங்க. 15 சதவீதம் வரைக்கும் குறைஞ்சா பரவாயில்லை. 40ல இருந்து ஒரே தாவுல 10க்கு விழுந்தா பேட்டரி செல்லு போச்சு.

எஸ்எஸ்டிக்கு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கற சாஃப்ட்வேரைப் பென்டிரைவ்ல கொண்டு போங்க. ஹெல்த் சதவீதத்தையும் பவர் ஆன் ஹவர்ஸையும் (மொத்தம் ஓடுன மணி நேரம்) பாருங்க. ஹார்ட் டிஸ்க்கா இருந்தா ரீஅலொகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாத்து இடம் குடுத்த பகுதிங்க) பூஜ்யமா இருக்கணும். கீழ் அட்டவணையில எண் பதினாறடிமானத்துல, அதாவது பத்துக்குப் பதிலா பதினாறை அடிப்படையா வெச்ச முறையில வரும். கடைசியில 10னு இருந்தா அது பத்து இல்லை, 16.

சூடும் முக்கியம். கடை ஏசியில ஓடுறது வேற, மே மாசம் அம்மாபேட்டை ஓட்டு வீட்டுல ஓடுறது வேற. தறி ஓடுற வீட்டு மெஷின்ல ஃபேனுக்கும் செம்புத் தகடுக்கும் நடுவுல பஞ்சு மெத்தை மாதிரி படிஞ்சிருக்கும். வெளியில இருந்து புளோயர் அடிச்சா அது வராது, ஃபேனைக் கழட்டித்தான் உரிச்செடுக்கணும். 20 நிமிஷம் பிராசசருக்குக் கனமான வேலை குடுத்து, 95 டிகிரியைத் தாண்டி வேகம் சரியுதான்னு பாருங்க.

ஏற்காடு பனி:
மலையில இருந்த மெஷினுக்கு வேற நோய். மழையும் மூடுபனியுமா மாசக்கணக்குல ஈரம். டார்ச் அடிச்சு யூஎஸ்பி, ஹெச்டிஎம்ஐ துளைக்குள்ள பாருங்க. பச்சையோ வெள்ளைப் பொடியோ பூத்திருந்தா உள்ள மதர்போர்டுலயும் அரிப்பு ஆரம்பிச்சிருக்க வாய்ப்பு அதிகம். அடி மூடியைத் திறக்க விட்டா இன்னும் நல்லது. சில மாடல்ல சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், தண்ணி பட்டா அது சிவந்திருக்கும்.

சால்டரிங் சேலம்:
கீலை விட்டுட்டோம். மூடியை ஒரு மூலையில பிடிச்சு மெதுவா தூக்குங்க. கீல் பக்கம் ஓரச்சட்டம் வாய் பிளந்தா, பிளாஸ்டிக்ல பதிஞ்ச பித்தளை நட்டு பிடுங்கிக்கிச்சுன்னு அர்த்தம். எம்-சீல் வெச்சு அடைச்சிருந்தா அது தாங்கறதே கொஞ்ச நாள்தான். தூக்கும்போது திரை மினுங்குனா டிஸ்பிளே கேபிள் கோளாறா இருக்கலாம். ரேம் ஸ்லாட் காலியா இருக்கா, இல்ல போர்டோட ஒட்டுனதான்னும் கேளுங்க. 8 ஜிபி பின்னாடி பத்தாது.

குகைக்காரன்:
நன்றிங்கண்ணா. சார்ஜர் ஒரிஜினல் இல்லைன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. பரவாயில்லையா?

சால்டரிங் சேலம்:
டெல்லா இருந்தா பார்த்துக்குங்க தம்பி. உருண்டை முனை சார்ஜர்னா நடு ஊசி வழியாத்தான் இது எத்தனை வாட்னு மெஷின் தெரிஞ்சுக்கும். அடையாளம் தெரியலைன்னா லேப்டாப் ஓடும், ஆனா பேட்டரி ஏறாது, பிராசசரும் மெதுவாயிரும். ஆன் பண்றப்பவே அடாப்டர் வகை தெரியலைன்னு எச்சரிக்கை வரும். கடைக்காரர் என்டர் தட்டித் தாண்டுறதுக்குள்ள படிச்சிருங்க. வேற ஒரிஜினல் டெல் சார்ஜர் மாட்டியும் அதே எச்சரிக்கை வந்தா கோளாறு சார்ஜர்ல இல்லை, சார்ஜர் மாட்டுற சாக்கெட்லயோ போர்டுலயோ இருக்கு.