மறு: ‘போலி ஒவ்வாமை’க்கு மாற்றாக ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒவ்வாமை போலவே தோன்றினாலும் ஒவ்வாமை அல்லாத மருந்து எதிர்வினையை ஆங்கிலத்தில் ‘சூடோஅலர்ஜி’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘போலி ஒவ்வாமை’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். இலக்கணத்தில் குறையில்லை; முதற்போலி, கடைப்போலி என்று அந்தச் சொல்லை இழிவில்லாமல் ஆண்டுவந்தவர்கள்தான் நாம். ஆனால் இன்று போலி என்றால் போலி மருந்தும் போலி மருத்துவரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அதோடு, இந்தச் சொல் யாருடைய கேஸ் ஷீட்டில் ஏறப்போகிறது? மார்ஃபின், கோடீன் போன்ற ஓபியாய்டு மருந்துகளுக்கு அடிமையாகி, அந்தப் பழக்கத்திலிருந்து மீள வழி கேட்டு வந்தவருடையதில். நடிக்கிறார், பொய் சொல்கிறார் என்ற பேச்சை ஏற்கெனவே போதுமான அளவு கேட்டவர் அவர். அவருக்கு வந்த அரிப்பும் தடிப்பும் உண்மை. அதைப் போலி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

நடப்பது இதுதான்: மார்ஃபினும் கோடீனும் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த மாஸ்ட் செல்களை நேரடியாகவே தூண்டி, அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளிவரச் செய்கின்றன. தோல் சிவக்கிறது, அரிக்கிறது. மெய்யான ஒவ்வாமையில் அதே செல்கள் ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்பொருள் வழியாகத் தூண்டப்படுகின்றன. பார்வைக்கு ஒன்று, உள்ளே வழி வேறு. இதைப் பிரிக்காமல் ‘ஓபியாய்டு ஒவ்வாமை’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், இந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படும், அவர் உயிரைக் காக்கக்கூடிய புப்ரினார்ஃபினும் மெத்தடோனும், அவையும் ஓபியாய்டுகளே என்பதால், அவருக்குக் கிடைக்காமலே போகலாம். இத்தனைக்கும் மெத்தடோன் வேதியமைப்பில் கோடீனின் குடும்பமே அல்ல.

ஆகவே ‘ஒவ்வாமைச் சாயல்’ என்று முன்மொழிகிறேன். பிள்ளைக்கு அம்மாவின் சாயல் என்கிறோம். அதனால் பிள்ளை அம்மாவாகிவிடாது, போலியும் ஆகாது. ‘சாயல் ஒவ்வாமை’ என்று மட்டும் திருப்பிப் போட வேண்டாம். அப்படிப் போட்டால் அதுவும் ஒவ்வாமையில் ஒரு வகை என்றாகிவிடும். ‘கோடீன்: ஒவ்வாமைச் சாயல், அரிப்பு மட்டும்’ என்று எழுதிப் பாருங்கள், அடுத்த மருத்துவருக்கு உடனே புரியும்.

அப்புறம், சாயல் என்றதும் லேசானது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வழியிலும் ரத்த அழுத்தம் சரியலாம், மூச்சு திணறலாம். புப்ரினார்ஃபினுக்கே மெய்யான ஒவ்வாமை உள்ளவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்த மருந்து கூடாது. எனவே சொல்லுக்கான விளக்கத்தில் கடுமையைப் பற்றி எதுவும் வராமல், வழிமுறையை மட்டும் எழுத வேண்டும்.

‘எதிர்வினை’ என்பதைப் பின்னால் சேர்க்கலாமா? எனக்கு வேண்டாம் என்றே படுகிறது. கேஸ் ஷீட்டில் இடம் குறைவு, நீளமான சொல்லைச் சுருக்கி எழுதும்போது முதலில் உதிர்வது ‘சாயல்’தான்.