பீகிள் மாதிரிக் கப்பல்: முன்முனையில் இரண்டாம் அடுக்குப் பட்டி தூக்குகிறது

எச்.எம்.எஸ். பீகிள், 1:60 மர கிட். கப்பலின் உடலை மூடும் மரப்பட்டிகளில் முதல் அடுக்கு லைம்வுட், 1.5 மி.மீ.; உப்புத்தாள் போட்டுச் சீராக்கியாகிவிட்டது, மேடுபள்ளம் இல்லை. இரண்டாம் அடுக்கு வால்நட், 0.6 மி.மீ. தடிமன், 5 மி.மீ. அகலம். சிக்கல் இதில்தான்.

முன்முனையில், முதல் மூன்று சட்டங்களுக்கு (உடலைத் தாங்கும் குறுக்கு விலாக்கள்) மேல் வரும் பகுதியில், ஒவ்வொரு பட்டியின் கீழ்விளிம்பும் ஓடு வேய்ந்த மாதிரி அரை மி.மீ. வெளியே நிற்கிறது. ஒட்டிய அன்று படிந்திருக்கும், மறுநாள் எழும்பிவிடும். பீகிளின் மூக்கு மொழுக்கென்று பருத்தது. பட்டி இயல்பாக மேலேறப் பார்க்கும். அதைக் கீழே இழுத்தால் உள்வளைவு விளிம்பு புடைக்கும். காரணம் தெரிகிறது.

செய்து பார்த்தவை: முனையைப் பாதி அகலத்துக்குச் சீவினேன் (அதற்குக் கீழே போனால் பார்க்க அசிங்கம்). வெந்நீரில் ஊறவைத்து, வளைத்துக் காயவிட்டு, வெள்ளைப் பசையில் ஒட்டினேன். கெட்டியான சூப்பர் க்ளூவும் பார்த்தாயிற்று. அதில் விளிம்பு பிளந்தது. ஒட்டியபின் இஸ்திரிப் பெட்டிச் சூடு, தற்காலிகம்தான். இடம் சென்னை, ஏ.சி. இல்லாத அறை, மழைக்காலம்.

நீர்மட்டத்துக்குக் கீழே செம்புத் தகடு மூடிவிடும். கவலை அதற்கு மேலே உள்ள பட்டிகளுக்குத்தான். அவற்றைப் பிரித்துவிட்டு, அகலமான வால்நட் தகட்டிலிருந்து வளைவாகவே வெட்டி ஒட்டலாம் என்றிருக்கிறேன்.

அப்படிச் செய்தவர்கள், பருத்த மூக்கின் மேல் அந்த வளைவை எப்படி அளந்து தகட்டுக்கு மாற்றினீர்கள்?