ஃபயரிங் பின் அடித்தும் வெடிக்காத ரவுண்டு: துக்ளகாபாத்தில் ஒரு ஜனவரி

டெல்லி மயூர் விஹாரிலிருந்து ஞாயிறுதோறும் துக்ளகாபாத் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகிறேன். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய ரேஞ்ச். நான் சுடுவது 25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டல்: நிதானமாக 30 ரவுண்டு (தோட்டா), பிறகு ரேப்பிடில், அதாவது வேகமாகச் சுடும் பகுதியில், 30. ரேப்பிடில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் 3 விநாடிதான், நடுவில் 7 விநாடி இடைவெளி.

போன ஜனவரியில் முதல் 30-ம் சுத்தமாகப் போகும். ரேப்பிடில் பாதி தாண்டியதும் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த 3 விநாடியில் வயிற்றைப் பிசையும் பாருங்கள், அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ரவுண்டை அடித்து வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னை உந்தும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைத்துப் புது ஸ்பிரிங் போட்டேன். அப்படியேதான் இருந்தது. வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி) ரவுண்டு வாங்கிப் பார்த்தேன். அதிலும் அதே 'டிக்'.

ரேஞ்சில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வெடிக்காத ரவுண்ட எங்கம்மா வச்சிருக்க?"

"ஒப்படைச்சிட்டேன் அண்ணாச்சி."

"இனிமே எங்கிட்ட காட்டாம ஒப்படைக்காத. விஷயமே அதுலதான இருக்கு."

அன்றைக்கு மூன்று மாட்டின. ஒவ்வொரு தடவையும் குழலை டார்கெட் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருந்துதான் வெளியே எடுத்தோம். தாமதமாக வெடிக்கும் ரவுண்டும் உண்டு. இதில் அவசரம் கூடவே கூடாது. (போட்டியில் என்றால் நீங்களே திறக்காதீர்கள். கையைத் தூக்கி ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். திறந்துவிட்டால் கோளாறு என்று முறையிட முடியாது.) அண்ணாச்சி வெள்ளைக் கைக்குட்டையை விரித்து, வெடித்த காலி கேஸ்களையும் வெடிக்காதவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். வெடித்ததில் பின்னின் தடம் ஆழமாக, ஓரம் கூர்மையாக இருந்தது. வெடிக்காததில் அதே இடத்தில்தான் தடம், ஆனால் ஆழம் பாதிகூட இல்லை. அந்த மூன்றையும் திரும்பப் போட்டு, அதே இடத்தில் பின் விழும்படி அடித்தோம். மூன்றும் வெடித்தன.

"ஸ்பிரிங்ல பலம் இருக்கு. ரவுண்டுதான் முழுசா உள்ள போய் உக்காரல" என்றார்.

நான் சுடுவது ரிம்ஃபயர் வகை ரவுண்டு. அதில் பற்றவைக்கும் மருந்து அடிப்பக்க விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பைச் சேம்பர் (ரவுண்டு உட்காரும் குழி) வாயோடு சேர்த்து நசுக்கினால்தான் அது பற்றும். விளிம்பு அங்கே போய் ஒட்டாமல் நின்றால், அடியின் வேகமெல்லாம் ரவுண்டை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். சுவரில் சாத்தாத பலகையில் ஆணி அடித்த கதைதான். முதல் அடி உள்ளே தள்ளியது, இரண்டாவது அடி வெடித்தது.

சேம்பருக்குள் டார்ச் அடித்தால் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம்: குண்டின் மெழுகு, ஈயம், கரி மூன்றும் கலந்து சுடச் சுடச் சேர்ந்தது. டெல்லிக் குளிரில் அது உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு ரவுண்டை விரலால் விட்டால் நகக்கனம் வெளியே நின்றது. சால்வென்ட் தொட்ட வெண்கலப் பிரஷ்ஷைச் சேம்பரில் பத்துப் பதினைந்து சுற்று சுற்றித் துடைத்தோம். பிறகு ரவுண்டு தன் எடையிலேயே 'டப்' என்று போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எல்லாருக்கும் இதுவே காரணமாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். முனீர்க்கா தம்பி ஒருவனுக்கு முதல் ரவுண்டிலிருந்தே எல்லாத் தடமும் மேலோட்டம். பின் ஓடும் துளையில் கெட்டி எண்ணெய் விட்டிருந்தான்; குளிரில் அது பின்னையே பிடித்து இழுத்தது. துடைத்துக் காயவிட்டதும் சரியானது. தடம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை, ரவுண்டைத் திருப்பி வேறு இடத்தில் அடித்தால் வெடிக்கிறது என்றால், விளிம்பில் மருந்து சமமாகப் பரவவில்லை என்று ரவுண்டைச் சந்தேகப்படலாம். இன்னொரு அக்கா வீட்டில் காலி பிஸ்டலிலேயே டிரை ஃபயர் (ரவுண்டு இல்லாமல் விசையை இழுப்பது) செய்து, ஃபயரிங் பின் சேம்பர் ஓரத்தில் பட்டுப் பட்டு அங்கே பள்ளமே விழுந்துவிட்டது. அதைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரிடம்தான் கொண்டுபோக வேண்டும். உங்கள் பிஸ்டலில் டிரை ஃபயர் செய்யலாமா என்று மேனுவலைப் பாருங்கள்.

நான் இப்போது குளிர்காலத்தில் 100 ரவுண்டுக்கு ஒருமுறை பிரஷ் விடுகிறேன். அந்தப் புது ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் பழையதையே திரும்பப் போட்டிருக்கிறேன். இதுவரை ஒரு 'டிக்' கூட இல்லை.