புதுப்பிப்பு: புதிய வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஆய்வேட்டை முடித்த விதம்

புதிய வேலையில் சேர்ந்தபின் முதுகலை ஆய்வேட்டின் கடைசி இரண்டு இயல்களை எப்படி முடிப்பது என்று நான்கு மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. சென்ற வாரம் சமர்ப்பித்துவிட்டேன்.

வார இறுதி முழுவதையும் ஒதுக்குமாறு பலர் சொன்னதைத்தான் முதலில் முயன்றேன். ஐந்து நாள் இடைவெளியில் விட்ட இடம் மறந்துபோய், சனிக்கிழமைக் காலை பழைய பக்கங்களைப் படிப்பதிலேயே கழிந்ததோடு, விளையாடக் காத்திருந்த மகளின் முகமும் வாடியது. பலன் தந்தது, நாள்தோறும் விடியற்காலையில் 45 நிமிடம் மட்டும் எழுதி, கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றே பாதியில் நிறுத்தச் சொன்னவரின் யோசனைதான். "இம்முடிவு முந்தைய ஆய்விலிருந்து வேறுபடுவதற்குக் காரணம்" என்று தொங்கிய வரியைக் கண்டதும் கை தானாக எழுதத் தொடங்கியது.

எதிர்பாராதது ஒன்று: மேற்கோள் பட்டியலையும் பக்க அமைப்பையும் சரிசெய்யவே மூன்று வாரங்கள் பிடித்தன. அதற்குத் தெளிந்த மூளை தேவையில்லை என்பதால், அலுத்துப்போன இரவுகளை அதற்கே விட்டேன். வேலையில் சேர்ந்ததை நெறியாளரிடம் தயங்கித்தான் சொன்னேன். அவரோ முழு இயலுக்குக் காத்திராமல் பகுதி பகுதியாகத் திருத்தித் தர முன்வந்தார். வாய்மொழித் தேர்வு அடுத்த மாதம். அன்றைக்கு விடுப்புக் கேட்டிருக்கிறேன்.