வளாக வைஃபை: பெட்டி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

திரி தொடங்கியவர்:
வைஃபை சரியில்லை என்று புகார் குவிந்ததும் நிதிக்குழு மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ளும் செலவு ஒன்றுதான்: அக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை சிக்னல் அனுப்பும் பெட்டி. கண்ணுக்குத் தெரிகிற பொருள், எண்ணிக் காட்டலாம், படமும் எடுக்கலாம். ஆனால் பல கோளாறுகளுக்கு அந்தப் பெட்டி காரணமே இல்லை. பல்கலைக்கழக வளாகங்களில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் கோளாறு, அதன் காரணம், சரிசெய்யும் முறை, செலவு எந்தத் தலைப்பில் போக வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம், சொந்தக் கதையும் வேண்டாம்.

தொடக்கத்துக்கு ஒன்று. "சிக்னல் முழுசா இருக்கு, நெட் வரல" என்ற புகாரைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. அந்த அக்சஸ் பாயின்ட்டுக்குப் போகும் கேபிளைக் கழற்றி ஒரு லேப்டாப்பில் செருகி, வளாகத்துக்குள்ளேயே இருக்கும் சர்வருக்கு ஐபெர்ஃப்3 (வேகம் அளக்கும் மென்பொருள்) ஓட்டுங்கள். கேபிளைப் பெட்டியில் திரும்ப மாட்டிவிட்டு, அதே லேப்டாப்பில் வைஃபை வழியாக இன்னொரு முறை. கேபிளில் 900 மெகாபிட், வைஃபையில் 8 என்றால் கோளாறு ரேடியோவில். இரண்டிலும் வேகம் இருந்து வெளித்தளங்கள் மட்டும் இழுத்தால் வெளி இணைப்பு, ஃபயர்வால் (வெளி இணைப்பின் காவல் கருவி), டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்கும் சேவை) என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கேபிளிலேயே 94தான் வருகிறதா? ரேடியோவை விட்டுவிட்டுக் கேபிளைப் பாருங்கள்.

விடுதிப் பக்கம்:
விடுதி நடைபாதையின் நடுவில் நின்று மேலே பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். 12 மீட்டருக்கு ஒன்றாக ஐந்து பெட்டிகள், நடுவில் மறைப்பே இல்லாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். அறைக்குள் கட்டிலில் கிடக்கும் போனுக்கோ நடுவே ஒரு செங்கல் சுவர், ஒரு இரும்பு பீரோ, சில அறைகளில் குளியலறைச் சுவரும். ஆகப் பெட்டிகள் பேசுவது பெட்டிகளுக்கு நன்றாகக் கேட்கிறது, போனுக்குக் கேட்பதில்லை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் ஒன்று பேசும்போது மற்றவை வாய்மூடிக் காத்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 மூன்றே. ஐந்து பெட்டி இருந்தால் பங்குபோட்டே ஆக வேண்டும்.

பவரை ஏற்றினால் தீருமா என்றால், இன்னும் கெடும். பெட்டி 23 டிபிஎம்மில் (சிக்னல் பவரின் அளவு) கத்தினாலும் போன் 15 டிபிஎம் அளவில்தான் பதில் சொல்லும். திரையில் கோடுகள் நிறைந்திருக்கும், மேலே அனுப்பும் பாக்கெட் போய்ச் சேராது.

நிற்கும் தீர்வு இது: பெட்டியை அறைக்குள் கொண்டுபோக வேண்டும். இரண்டு அறைக்கு ஒன்று, மாடிக்கு மாடி இடம் மாற்றி. 5 கிகாஹெர்ட்ஸில் 11 முதல் 14 டிபிஎம் போதும். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 80 வைத்தால் வேகச் சோதனையில் அழகான எண் வரும், ராத்திரி பத்து மணிக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் அந்த எண் காணாமல் போகும். 2.4 ரேடியோவை மூன்று பெட்டிக்கு ஒன்றில் மட்டும் விட்டுவிட்டு மற்றதில் அணைத்துவிடலாம்.

அப்புறம் பெயர்கள். மாணவர், ஆசிரியர், விருந்தினர், நூலகம், ஆய்வகம் என்று ஐந்து எஸ்எஸ்ஐடி, அதாவது போனில் தெரியும் வைஃபை பெயர், வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு ரேடியோவும் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பீக்கன் ("நான் இருக்கிறேன்" என்ற அறிவிப்பு) அனுப்பும், அதாவது செகண்டுக்குப் பத்து. 300 பைட் பீக்கன் 1 மெகாபிட் வேகத்தில் போனால் ஏறக்குறைய 2.6 மில்லிசெகண்ட் காற்றை அடைத்துக்கொள்ளும். பத்துக்கு 26 மில்லிசெகண்ட். ஒரே சேனலில் நான்கு பெட்டி காதில் விழுந்தால் 20 பீக்கன் வரிசை. காற்று நேரத்தில் பாதி அங்கேயே காலி. ஒருவரும் ஒரு பைட் கூட இறக்காத நிலையில் இது! பீக்கன் போகும் குறைந்தபட்ச வேகத்தை 12 மெகாபிட்டாக மாற்றினால் அதே 20 வரிசை 5 சதவீதத்துக்குள் அடங்கும். எஸ்எஸ்ஐடியை இரண்டாக்கினால் இன்னும் குறையும். காசு செலவில்லாத வேலை, முதலில் செய்ய வேண்டியதும் இதுதான்.

ஆய்வகப் பக்கம்:
மேலே சொன்னதில் ஒரு எச்சரிக்கை. 12 மெகாபிட்டுக்கு ஏற்றுவதற்கு முன் பழைய வைஃபை முறையான 802.11பி மட்டும் தெரிந்த பழைய அளவீட்டுக் கருவிகள், பார்கோடு ஸ்கேனர்கள், பிரின்டர்கள் எங்கெங்கே என்று கன்ட்ரோலர் (எல்லாப் பெட்டிகளையும் நிர்வகிக்கும் கருவி) பதிவில் பார்த்துவிடுங்கள். அவை சத்தமில்லாமல் அறுந்துபோகும், காரணம் யாருக்கும் புரியாது. அவற்றைக் கேபிளுக்கு மாற்றுவதே நல்லது.

5 கிகாஹெர்ட்ஸில் டிஎஃப்எஸ் சேனல்களையும் (ரேடாருடன் பங்குபோடும் சேனல்கள்) கண்மூடித்தனமாகத் திறக்காதீர்கள். ரேடார் என்று சந்தேகம் வந்தால் பெட்டி அந்தச் சேனலைக் காலி செய்து 30 நிமிடம் திரும்பக் கூடாது. புதிதாக ஏறும் டிஎஃப்எஸ் சேனலிலும் குறைந்தது 60 செகண்ட் கேட்டுவிட்டுத்தான் பேசலாம். விமான நிலையமோ வானிலை ரேடாரோ பக்கத்தில் இருந்தால் ஒரு வாரப் பதிவைப் பார்த்து, அடிபடும் சேனல்களை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் போதும்.

கேபிள் பக்கம்:
94 மெகாபிட் கதைக்கு வருகிறேன். கிகாபிட் ஓடக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100க்குத் தேவைப்படாத இரண்டு ஜோடிகளில் ஒன்றில் கிரிம்ப் (முனையில் பிளக்கின் பிடிப்பு) தளர்ந்தால் பெரும்பாலும் இணைப்பு அறுவதில்லை, 100க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். சுவிட்ச்சில் எல்லா போர்ட்டின் வேகத்தையும் மாதம் ஒருமுறை எடுத்து, 100 என்று காட்டுவதை வடிகட்டினால் பட்டியல் தயார்.

அடுத்தது செம்பு பூசிய அலுமினியக் கேபிள். உறையில் கேட்6 என்றே அச்சடித்திருக்கும். கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். மின்தடை செம்பைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. குறைந்த தூரத்தில் ஓடிவிடும். 70 மீட்டர் தாண்டி, மின்சாரமும் அதே கம்பியில் போகும்போது பெட்டி அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகும். எல்லோரும் பெட்டியைத்தான் திட்டுவார்கள். சுவருக்குள் 90 மீட்டர், இரு முனை பேட்ச் கார்டு சேர்த்து 10, மொத்தம் 100 என்ற கணக்கைத் தாண்டவும் கூடாது.

பிஓஇ, அதாவது கேபிள் வழியே பெட்டிக்கு மின்சாரம் தரும் முறை, அதன் கணக்கு தனி. 802.3ஏஎஃப் தரம் என்றால் சுவிட்ச் முனையில் 15.4 வாட், ஏடி என்றால் 30. புதுப் பெட்டிகள் பலவும் ஏடி கேட்கும். 24 போர்ட் சுவிட்ச்சின் மொத்த ஒதுக்கீடு 370 வாட் என்று வைத்துக்கொண்டால், முழு 30 வாட் கேட்கும் பெட்டி 12 தான் தாங்கும். அளவு போதாத இடத்தில் பெட்டி ஆன் ஆகும், விளக்கு பச்சையாகவே இருக்கும், ஆனால் ஒரு ரேடியோவை அணைத்துக்கொண்டோ ஆன்டெனா எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டோ ஓடும். பெட்டி வாங்கும் விண்ணப்பத்தோடு சுவிட்ச்சையும் யுபிஎஸ்ஸையும் சேர்க்காவிட்டால் புதுப் பெட்டி பழைய வேகத்தில்தான் ஓடும்.

கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கேபிள் இழுக்கவே கூடாது. எர்த் மட்டம் வேறுபடும். ஒரு இடி போதும், இரண்டு பக்க சுவிட்ச்சும் போய்விடும். ஃபைபர்தான். இரண்டு கோர் தேவை என்றால் 12 கோர் போடுங்கள், செலவு பள்ளம் தோண்டுவதில்தான், கண்ணாடியில் இல்லை.

சர்வர் பக்கம்:
"கனெக்ட் ஆகுது, ஐபி கிடைக்கல." 300 பேர் அமரும் அரங்கில் இதைக் கேட்டால் கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையின் பூலை, அதாவது முகவரிக் கையிருப்பைப் பாருங்கள். 254 முகவரி, குத்தகைக் காலம் 24 மணி நேரம் என்று இருக்கும். காலை வகுப்பு எழுந்து போனபின்னும் அவர்கள் முகவரி மறுநாள்வரை பூட்டியே கிடக்கும். அடுத்த வகுப்புக்கு மிச்சமில்லை. ஸ்லாஷ் 21 என்ற பெரிய முகவரித் தொகுதி கொடுத்தால் 2046 முகவரி, குத்தகை ஒரு மணி நேரம். ஆண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) வந்ததிலிருந்து போன்கள் ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்கும் தனித்தனி மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) காட்டுகின்றன. மூன்று எஸ்எஸ்ஐடியில் தாவும் ஒரு போன் மூன்று ஆளாகக் கணக்கில் ஏறும். மேக் முகவரியைப் பதிவுசெய்து அனுமதிக்கும் பழைய முறை இதனால்தான் தடுமாறுகிறது, ஆளுக்கு ஆள் சொந்தக் கணக்கில் நுழையும் 802.1எக்ஸுக்குப் போய்விடுங்கள்.

அப்படி மாறினால், நுழைபவரைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரின் சான்றிதழ் காலாவதித் தேதியை மூன்று பேர் காலண்டரில் குறித்துவையுங்கள். அது முடிகிற காலையில் வளாகம் முழுக்க ஒரே நேரத்தில் அறுந்துபோகும், எல்லாப் பெட்டியும் ஆரோக்கியமாக இருக்கும்.

நேட், அதாவது பல கருவிகள் ஒரே பொது ஐபியில் வெளியே போகும் முறை, அது பற்றியும் ஒரு வரி. ஒரு பொது ஐபிக்கு ஏறக்குறைய 64,000 போர்ட் (இணைப்பு எண்; சுவிட்ச் போர்ட் அல்ல). 3,000 கருவி, ஆளுக்கு 50 இணைப்பு என்றாலே 1,50,000. பல ஃபயர்வால்களில் அப்போது சில தளம் திறக்கும், சில திறக்காது. பொது ஐபியை நான்காக்கி, கூடவே புதிய முகவரி முறையான ஐபிவி6 திறந்தால் சுமை இறங்கும்.

மாணவர் சொந்த ரூட்டரில் கேபிளைத் தவறான போர்ட்டில் செருகி, அது மாடி முழுவதற்கும் தவறான முகவரி வழங்குவது விடுதிகளில் வாடிக்கை. சுவிட்ச்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் (அனுமதியில்லாத கருவி முகவரி வழங்குவதைத் தடுக்கும் வசதி) போட்டால் முடிந்தது.

கணக்குப் பிரிவு:
இத்தனை பேர் எழுதியதில் பாதிக்கு மானியத்தில் தலைப்பே கிடையாது. ஒருமுறை மானியம் பொருளுக்குத்தான் வரும்; லைசென்ஸ், மின்சாரம், ஆள், உதிரி எல்லாம் ஆண்டுச் செலவு. கிளவுட் வழியாக நிர்வகிக்கும் பெட்டிகளில் சில, லைசென்ஸ் முடிந்தால் நின்றே போகும். சில ஓடும், அமைப்பை மாற்ற முடியாது. எது என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஆயுள் கணக்கு: பெட்டி 5-6 ஆண்டு, சுவிட்ச் 8 போல, கேபிள் 15க்கு மேல். 600 பெட்டி, 6 ஆண்டு என்றால் வருடத்துக்கு 100 மாற்ற நிரந்தர ஒதுக்கீடு வேண்டும். மொத்தமாக வாங்கினால் மொத்தமாகக் கிழடாகும், அந்த ஆண்டு மானியம் வராது. மாற்றும்போது கட்டடம் கட்டடமாக மாற்றுங்கள். ஒரே மாடியில் இரண்டு தலைமுறை கலந்தால் ரோமிங் (பெட்டிக்குப் பெட்டி தாவுவது) தொல்லை. 100க்கு 5 உதிரி அலமாரியில் இருக்க வேண்டும்.

துறைகளிடம் பெட்டிக்கு இவ்வளவு என்று வசூலிப்பதுதான் மிக மோசமான வழி. மறுநாளே துறை ஒரு வீட்டு ரூட்டரை வாங்கி மேஜை மேல் வைக்கும், பக்கத்து வகுப்பின் சேனலைக் கெடுக்கும். மையச் செலவாக வைத்துத் தலைக்கணக்கில் பிரிப்பது மேல். விடுதிக்குத் தனிக் கட்டணம் வைத்தால், அந்தப் பணம் எதற்குப் போனது என்று பலகையில் ஒட்டுங்கள், சண்டை பாதியாகும். புதுக் கட்டடமா? பைப், கேபிள், ரேக் அறை எல்லாம் கட்டுமான மதிப்பீட்டிலேயே இருக்கட்டும். பூச்சு முடிந்தபின் சுவரைக் குடைவது வேறு விலை.

டெண்டர் பக்கம்:
"200 அக்சஸ் பாயின்ட்" என்று டெண்டர் எழுதினால் 200 வரும், நடைபாதையில் தொங்கும். விளைவை எழுதுங்கள்: உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் 5 கிகாஹெர்ட்ஸில் -67 டிபிஎம், இரைச்சலைவிட 25 டெசிபல் மேலே, இரண்டாவது பெட்டியின் சிக்னல் -75 டிபிஎம்முக்குக் குறையாமல். அளவு கதவு மூடிய அறையில், சாதாரண போனில். மீதி 10 சதவீதத் தொகை பருவம் தொடங்கி வகுப்புகள் நிறைந்த பிறகு எடுக்கும் அளவுக்குப் பின்தான். காலி அரங்கில் எல்லாமே தேறும். மனித உடம்பில் நீர்தான் அதிகம், 300 பேர் உட்கார்ந்தால் சிக்னலைக் குடித்துவிடும்.

திரி தொடங்கியவர்:
புகார்ப் படிவத்துக்கும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியின் கீழும் அறை எண், சுவிட்ச், போர்ட் எண் கொண்ட லேபிள் தரையில் நின்றே படிக்கும் அளவில் இருக்கட்டும். படிவத்தில் கேட்க வேண்டியது நான்குதான்: எந்த அறை, எத்தனை மணி, எந்தக் கருவி, மேலே தெரியும் லேபிள் எண். "நெட் ஸ்லோ" என்று மட்டும் வரும் புகாரை எந்தக் கன்ட்ரோலர் பதிவிலும் தேட முடியாது.