காதில் நீர் கோத்திருக்கும் குழந்தை: மூன்று மாதக் காத்திருப்பில் என்ன செய்வது?

கேள்வி: அல்சூரிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு 4 வயது நிரம்பிவிட்டது, எல்.கே.ஜி. படிக்கிறான். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவனுக்குச் சளி விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. அதன் பிறகு பின்னாலிருந்து அழைத்தால் அவன் திரும்புவதில்லை, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டச் சொல்கிறான், பேசும்போது சொற்களின் கடைசிப் பகுதியை விழுங்கிவிடுகிறான். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே குழந்தை குழம்புவதால்தான் இப்படி என்றும், இனி வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுவது நல்லது என்றும் வகுப்பாசிரியை சொன்னார்.

மனம் ஒப்பாமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி பரிசோதனையில் இரு காதுகளுக்கும் ‘பி’ வகைக் கோடு வந்தது. கேட்கும் திறனை அளக்க விளையாட்டு முறையில் எடுத்த ஆடியோகிராமில் வலது காது 30 டெசிபல், இடது காது 35 டெசிபல். நரம்பில் குறை ஏதும் இல்லை, இது ‘குளூ இயர்’ (செவிப்பறைக்குப் பின்னால் பசைபோல் நீர் தேங்குவது), மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்கலாம் என்று சொல்லி, மருந்து எதுவும் தராமல் அனுப்பிவிட்டார். உறவினர் பரிந்துரைத்த இன்னொரு மருத்துவரோ, உடனே செவிப்பறையில் கிரோமெட் என்ற சிறு குழாயை வைத்து, மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையையும் எடுத்துவிடலாம் என்கிறார். என் மாமியார் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்.

குழந்தை பேசக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் மூன்று மாதத்தைச் சும்மா கழிக்கலாமா என்பதே என் கவலை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1: செவித்திறன், பேச்சுப் பயிற்சித் துறையில் பணிபுரிபவர், பெங்களூரு

அம்மா, உங்கள் முதல் மருத்துவர் சொன்னது உலகம் முழுவதும் பின்பற்றப்படும் நடைமுறைதான். மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் சிறு குழந்தைகளுக்குக் குட்டையாகவும், பெரியவர்களுக்கு இருப்பதைவிடக் கிடையாகவும் அமைந்திருக்கிறது. சளி பிடிக்கும்போதோ, அடினாய்டு வீங்கும்போதோ அந்தக் குழாய் சரியாகத் திறந்து மூடாமல் போக, செவிப்பறைக்குப் பின்னால் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் தேங்கி, நாளடைவில் பசைபோல் கெட்டியாகிறது. செவிப்பறை அசைய முடியாததால் டிம்பனோமெட்ரியில் மேடு இல்லாமல் தட்டையான கோடு விழுகிறது. ‘பி’ வகை என்பது அதுதான். பத்து வயதுக்குள் ஏறக்குறைய 80 விழுக்காடு குழந்தைகளுக்கு ஒரு முறையாவது இந்நிலை வந்துபோகிறது, பெரும்பாலோருக்குத் தானாகவே வடிந்தும் விடுகிறது. மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வதற்கு அதுவே காரணம்.

மருந்து தராததையும் குறையாக எண்ண வேண்டாம். ஆன்டிபயாட்டிக், அலர்ஜி மாத்திரை, மூக்கடைப்பு மருந்து, ஸ்டீராய்டு ஆகியவை இந்த நீரை வற்றச் செய்வதில் பயன் தருவதில்லை என்பதால், வழிகாட்டு நெறிகள் அவற்றை இதற்காகப் பரிந்துரைப்பதில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவீட்டில் 20 டெசிபலிலிருந்து 35 டெசிபலுக்குள் இருப்பது லேசான குறை. உங்கள் மகனின் வலது காது அந்த வரம்புக்குள் இருக்கிறது, இடது காது அதன் எல்லையைத் தொட்டு நிற்கிறது. இரு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு பேச்சைக் கேட்டால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படித்தான் அவனுக்குக் கேட்கிறது. அருகில் நின்று பேசினால் புரியும். தூரத்திலிருந்தோ, மிக்ஸி ஓடும் சமையலறையிலோ பேசினால் பாதி போய்விடும். தமிழில் வேற்றுமை உருபும் காலமும் இடமும் சொல்லின் இறுதியில்தான் நிற்கின்றன, நாம் அவற்றை மெல்லிய குரலில்தான் உச்சரிக்கிறோம். காதில் விழாததை அவன் வாயால் சொல்ல மாட்டான். இந்தக் குறை நாளுக்கு நாள் ஏறி இறங்குவதும் உண்டு. நேற்றுக் கேட்டவனுக்கு இன்று கேட்காதபோது பெரியவர்கள் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தைக்கு அது பெரிய அநீதி.

மொழி பற்றி ஆசிரியை சொன்னதை நான் உறுதியாக மறுக்கிறேன். பல மொழிகளைக் கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சுத் தாமதமோ செவிக் குறைவோ வருவதில்லை. உங்களுக்கு இயல்பாக வரும் தமிழிலேயே நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். பெற்றோர் தமக்குச் சரளமாக வராத மொழிக்கு மாறும்போது, ஏற்கெனவே குறைவாகக் கேட்கும் குழந்தைக்கு வீட்டில் கிடைக்கும் பேச்சும் வற்றிப்போகிறது. பெங்களூரில் எத்தனையோ குடும்பங்கள் “மூன்று மொழிக் குழப்பம்” என்ற சமாதானத்தை ஏற்று, காதைப் பரிசோதிக்காமலேயே மாதங்களைக் கடத்துகின்றன. நீங்கள் அப்படி விடாமல் மருத்துவரிடம் சென்றது நல்ல முடிவு.

காத்திருக்கும் காலத்தில் செய்யத்தக்கது ஒன்றும் உண்டு. மூக்குத் துளையால் சிறு பலூனை ஊதும் பயிற்சிக் கருவி அது. 4 முதல் 11 வயதுக்குட்பட்ட 320 குழந்தைகளிடம் பிரிட்டனில் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், மூன்று மாத முடிவில் பலூன் ஊதியவர்களில் ஏறத்தாழ 50 விழுக்காட்டினருக்கும் ஊதாதவர்களில் 38 விழுக்காட்டினருக்கும் டிம்பனோமெட்ரி இயல்பு நிலைக்குத் திரும்பியது. வேறுபாடு பெரியதன்று, ஆனால் பக்க விளைவு மிகக் குறைவு. உங்கள் மகனின் வயதுக்கு முயன்று பார்க்கலாம், மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வீட்டில் யாரும் புகைபிடித்தால் அது உடனே நிற்க வேண்டும்.

காதிலிருந்து சீழ் வடிந்தாலும், காய்ச்சலோடு கடும் வலி வந்தாலும், கேட்கும் திறன் மேலும் குறைவதாகத் தோன்றினாலும் மூன்று மாதம் முடியட்டும் என்று இருக்காமல் உடனே காட்டுங்கள்.

பதில் 2: மகளுக்குக் கிரோமெட் வைத்த தந்தை, ஜாலஹள்ளி

சகோதரி, எங்கள் மகளுக்கும் இதே வயதில் வந்தது. எங்களுக்கும் காத்திருக்கவே சொன்னார்கள். மறுபரிசோதனையிலும் இரு காதுகளிலும் நீர் அப்படியே இருந்து, பேச்சும் பின்தங்கியதால்தான் கிரோமெட் வைத்தோம். குழந்தைகளுக்கு முழு மயக்கம் கொடுத்துச் செய்வார்கள். செவிப்பறையில் சிறு கீறல் இட்டு, நீரை உறிஞ்சி எடுத்து, காற்றுப் போக ஒரு மிகச் சிறிய குழாயைப் பொருத்துகிறார்கள். அன்றே வீடு திரும்பிவிட்டோம். வழக்கமாக அது 6 முதல் 12 மாதங்களில் தானாக விழுந்துவிடும், துளையும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

பலன் உடனே தெரிந்தது என்பது உண்மை. அழுத்தக் குக்கரின் விசிலுக்கு அவள் காதைப் பொத்திக்கொண்ட அன்று என் மனைவி அழுதுவிட்டாள். ஆனால் அந்தக் கூடுதல் பலன் முதல் சில மாதங்களில்தான் அதிகம் என்றும், ஓராண்டுக்குப் பிறகு கிரோமெட் வைத்த குழந்தைக்கும் வைக்காத குழந்தைக்கும் வேறுபாடு மிகவும் குறைந்துவிடும் என்றும் எங்கள் மருத்துவர் முன்கூட்டியே விளக்கியிருந்தார். எனவே மயக்க மருந்தும் அறுவையும் தேவைப்படாமலே சரியாகக்கூடிய குழந்தைக்கு அவசரப்பட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அடினாய்டைப் பொறுத்தவரை, உங்கள் மகன் வாயைத் திறந்தே உறங்குகிறானா, குறட்டை விடுகிறானா, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கவனித்து எழுதிவைத்து இரு மருத்துவர்களிடமும் சொல்லுங்கள். அப்படி இருந்தால் முடிவு மாறலாம்.

எண்ணெய் வேண்டவே வேண்டாம். நீர் இருப்பது செவிப்பறைக்கு அப்பால். காதில் விடும் எண்ணெய் அங்கே போய்ச் சேராது, சூடாக இருந்தால் தோலும் பறையும் புண்ணாகும். பின்னாளில் கிரோமெட் வைக்க நேர்ந்தால் இன்னும் கவனம் வேண்டும்; அப்போது குழாய் வழியாக எதுவும் உள்ளே இறங்கிவிடும். எங்கள் அம்மாவிடம் ஆடியோகிராமைக் காட்டி விளக்கிய பிறகு, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைத் தலையோடும் உடம்போடும் நிறுத்திக்கொண்டார். பெரியவர்களை மறுத்துப் பேசுவதைவிட அடுத்த பரிசோதனைக்கு உடன் அழைத்துச் செல்வது பலன் தரும்.

பதில் 3: மழலையர் வகுப்பு ஆசிரியை, இந்திரா நகர்

பள்ளியில் கேட்டுப் பெற வேண்டியவற்றைச் சொல்கிறேன். மருத்துவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வகுப்பாசிரியையிடம் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அடுத்த வாரம் மறந்துபோகும். குழந்தையை ஆசிரியை நிற்கும் இடத்துக்கு அருகில், சன்னலுக்கும் மின்விசிறிக்கும் தள்ளி உட்கார வைக்கக் கேளுங்கள். பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான தூரம் பாதியானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் கூடுகிறது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். குரலை உயர்த்துவதைவிட அருகில் செல்வது மேல். முதலில் பெயரைச் சொல்லி அழைத்து, அவன் முகம் திரும்பிய பிறகு செய்தியைச் சொல்ல வேண்டும். கரும்பலகையைப் பார்த்தபடி பேசினால் இத்தகைய குழந்தைக்கு ஒன்றும் சேராது. “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லாக் குழந்தைகளும் தலையாட்டும், என்ன செய்யப்போகிறாய் என்று அவனையே சொல்லச் சொல்ல வேண்டும்.

மாலையில் அவன் எரிச்சலோடு வீடு திரும்பினால் திட்டாதீர்கள். நாள் முழுவதும் உற்றுக் கேட்டே களைத்திருப்பான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகன் இரவில் வாயைத் திறந்துதான் உறங்குகிறான், மெல்லிய குறட்டையும் இருக்கிறது. இதை முதல் மருத்துவரிடம் நாங்கள் சொல்லவில்லை, வரும் வாரமே சொல்கிறோம். இன்னொரு ஐயம்: மூன்று மாதத்துக்குப் பிறகும் நீர் வடியாவிட்டால் அறுவையைத் தவிர வேறு வழி உண்டா? பேச்சுப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

பதில் 4: செவித்திறன், பேச்சுப் பயிற்சித் துறையில் பணிபுரிபவர்

உண்டு. நீர் வடியும்வரை தற்காலிகமாகச் செவிக்கருவி அணிவிக்கலாம். தலைப்பட்டையில் பொருத்தி, எலும்பின் வழியாக ஒலியை நேரே உள்செவிக்கு அனுப்பும் கருவியும் இருக்கிறது. நடுச்செவியில் நீர் நின்றாலும் அது வேலை செய்யும். அண்ணப்பிளவு அல்லது டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு இந்த நீர் எளிதில் வடியாது என்பதால், அவர்கள் விஷயத்தில் இந்த வழியை முன்னதாகவே எண்ணிப் பார்ப்போம்.

பெங்களூரில் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸிலும், லிங்கராஜபுரத்தில் உள்ள டாக்டர் எஸ். ஆர். சந்திரசேகர் பேச்சு, செவி நிறுவனத்திலும் பரிசோதனையும் பயிற்சியும் உண்டு. மைசூரில் 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவி நிறுவனமும் ரயிலில் போய்வரும் தொலைவில்தான் இருக்கிறது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: அங்கன்வாடிக்கோ அரசுப் பள்ளிக்கோ செல்லும் குழந்தைகளுக்கு, 2013 முதல் நடைமுறையில் உள்ள ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் செவித்திறனும் பரிசோதிக்கப்படுகிறது, ஐயம் இருந்தால் அங்கன்வாடிப் பணியாளரிடம் நீங்களே கேட்கலாம்.

மறுபரிசோதனைக்கான தேதியை இப்போதே முன்பதிவு செய்துவிடுங்கள். முடிந்தால் இந்த முறை எடுத்த ஆடியோகிராமையும் டிம்பனோமெட்ரி தாளையும் அன்று கையோடு எடுத்துச் செல்லுங்கள். பழைய முடிவையும் புதிய முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நீர் குறைகிறதா, அப்படியே நிற்கிறதா என்று மருத்துவரால் தீர்மானிக்க முடியும்.